'பயங்கரப் பூங்கா' காணொளி போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேனல் நடத்துவோருக்கும் பக்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். பின்லாந்தின் பரிக்கலா சிலைப் பூங்காப் படங்கள் தமிழில் அவ்வப்போது ஒரு சுற்று வந்து போகின்றன. பாசி பிடித்த சிமெண்டு முகம், வாய் நிறையப் பல், பின்னணியில் திகில் இசை. தலைப்பில் பேய், மர்மம், கைவிடப்பட்ட காடு எல்லாம் தவறாமல் இருக்கும். செய்தவர் பெயர் மட்டும் இருக்காது.

சிமெண்டு உருவங்கள் எப்படிக் கட்டப்படுகின்றன, எப்படிக் கெடுகின்றன என்று தெரிந்த சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்களைத் திட்ட எழுதவில்லை. நீங்கள் பயங்கரம் என்று காட்டுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கைவேலைக் காரணமோ வேதியியல் காரணமோ இருக்கிறது. அது உங்கள் திகில் கதையைவிடச் சுவையானது என்பது எங்கள் கட்சி.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். பெயர் வெய்யோ ரோன்கோனென். 1944-இல் பிறந்தவர், 2010-இல் மறைந்தார். பின்லாந்தின் தென்கிழக்கு ஓரத்தில், ரஷ்ய எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் பரிக்கலா. அங்கே பெற்றோரின் பண்ணை வீட்டிலேயே வாழ்ந்து, பக்கத்து சிம்பெலே காகித ஆலையில் 41 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கலைக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆலையில் வாங்கிய முதல் சம்பளத்தில் பத்து ஆப்பிள் கன்றும் ஒரு மூட்டை சிமெண்டும் வாங்கினார் என்பது அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்கிற செய்தி. 1960-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை சாகும்வரை நிற்கவில்லை. வீட்டைச் சுற்றிய தோட்டத்தில் 500-க்கும் மேற்பட்ட உருவங்கள் எழுந்தன.

"அடர்ந்த காட்டுக்குள் கைவிடப்பட்ட இடம்" என்கிறீர்கள். அது 6-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரம் இருக்கிறது. காரை நிறுத்தி இறங்கினால் தோட்டம். அவர் இருந்தவரை அந்த வளாகத்திலேயே குடியிருந்தார். வந்தவர்களிடம் அவர் கேட்டதெல்லாம் விருந்தினர் ஏட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகச் சொல்வதுதான். அவர் மறைந்த பின் இடம் கைமாறியது, ஆனால் பூட்டப்படவில்லை. பராமரிப்போடு பார்வையாளர்களுக்குத் திறந்தே இருக்கிறது.

"மனநிலை சரியில்லாத தனிமை மனிதன்" என்று ஒரு வரி எல்லாக் காணொளியிலும் ஓடுகிறது. கூச்ச சுபாவம் உள்ளவர், ஊர்விட்டு ஊர் போகப் பிரியப்படாதவர், அவ்வளவுதான். நாற்பது ஆண்டு ஆலை வேலையை விடாமல் பார்த்த மனிதருக்கு அந்தப் பட்டம் எந்தக் கணக்கில்? தானே கற்றுத் தன் வீட்டுச் சூழலிலேயே படைக்கும் இவரைப் போன்றவர்களின் கலைக்குப் பின்லாந்தில் 'இதெ' என்று பெயர். 'தானே ஆக்கிக்கொண்ட வாழ்க்கை' என்று பொருள்படும் மூன்று பின்லாந்து மொழிச் சொற்களின் முதலெழுத்துகள் (ITE) அவை. 2007-இல் பின்லாந்து அரசின் கலைப் பரிசு, 'சுவோமி விருது', அவருக்கு வழங்கப்பட்டது. சிலைகளைக் கண்காட்சிக்குத் தரும்படி கேட்டவர்களிடம், "அவர்களைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று தோட்டத்துக்குள் போனார், சிலைகளுக்குப் பயணம் போக விருப்பமில்லை என்று வந்து சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அதைப் பைத்தியம் என்று படிக்கிறவர்களுக்கு நகைச்சுவை பிடிபடவில்லை என்றுதான் அர்த்தம்.

இனி பல். சில உருவங்களின் வாயில் இருப்பவை நிஜமான மனிதப் பற்கள். இதை வைத்துத்தான் உங்கள் கொலைக் கதைகள் முளைக்கின்றன. சிமெண்டுக் கலவையில் பல் செய்து பார்த்தவர்களுக்குச் சங்கதி விளங்கும். முன்பல் ஒன்றின் அகலம் எட்டு, எட்டரை மில்லிமீட்டர். கலவையில் இருக்கும் மணலில் இரண்டு மில்லிமீட்டர் பருக்கையும் இருக்கும். நாலு மணல் பருக்கை அகலத்துக்கு ஒரு பல் வடித்தால் விளிம்பு நிற்காது, முதல் பனிக்காலத்திலேயே பொரிந்து உதிரும். நிஜப் பல்லின் எனாமல் தண்ணீர் குடிக்காது, உறைபனியில் பிளக்காது, பாசிக்கும் பிடி கொடுக்காது. புதிதாகப் பூசிய வெளிர்சாம்பல் முகத்தில் அந்தப் பல் இவ்வளவு துருத்தித் தெரிந்திருக்காது. முப்பது ஆண்டில் முகம் கறுத்துப் பச்சையானது, பல் மட்டும் அப்படியே வெள்ளையாக நின்றுவிட்டது. நீங்கள் ஜூம் செய்து காட்டும் அந்தச் சிரிப்பில் பாதி அவர் செய்தது, மீதி காலம் செய்தது.

பாசியும் அப்படித்தான். புது சிமெண்டில் பாசி வளராது. அதன் காரத்தன்மை pH அளவில் 12.5, 13 என்று இருக்கும். எந்தச் செடியும் தாங்காது. காற்றிலிருக்கும் கரியமில வாயு மேற்பரப்பிலிருந்து மெல்ல உள்ளே இறங்கி, சிமெண்டில் உள்ள சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டே போகும். காரம் 9-க்குக் கீழே வந்ததும் முதலில் பச்சைப் படலம், பிறகு மரப்பாசி, பிறகு மெத்தென்ற பாசி என்று வரிசையாகக் குடியேறும். ஆக, ஒரு சிலையில் பாசி படர்ந்திருக்கிறது என்றால் அதன் தோல் முழுக்கக் காரம் இழந்துவிட்டது என்று பொருள். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காப்பது அந்தக் காரம்தான். அதனால் தெரிந்தவர்கள் அந்தப் பச்சையைப் பார்த்தே உள்ளே கம்பி எந்த நிலையில் இருக்கும் என்று ஊகிப்பார்கள்.

சரி, இப்படி ஒரு ஆளுயர உருவத்துக்கு எவ்வளவு பொருள் பிடிக்கும்? வளர்ந்த மனிதரின் தோல் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். உள்ளே கம்பிக்கூடு கட்டி, கோழிவலை சுற்றி, மேலே மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குக் கலவை பூசினால் 54 லிட்டர் கலவை வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று வைத்தால் சிமெண்டு 27 கிலோ, நம் ஊர் மூட்டையில் பாதிக்குச் சற்று மேல். மணல் 80 கிலோ. தண்ணீர் 12 லிட்டர், அதற்கு மேல் போனால் பலம் போய்விடும். முடிந்த உருவம் கம்பி நீங்கலாக 120 கிலோ கனக்கும். கூடு கட்டாமல் முழுக்கக் கெட்டியாக வார்த்தால் 150 கிலோவைத் தாண்டும்.

இதை ஒரே மூச்சில் பூச முடியாது. முதல் பூச்சு வலையின் கண்ணுக்குள் புகுந்து மறுபக்கம் பிதுங்க வேண்டும். அதை வழித்துவிடாமல் கீறிச் சொரசொரப்பாக விட வேண்டும். அடுத்த பூச்சு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் தன் எடையிலேயே வழுக்கி இறங்கும், முக்கியமாகத் தாடையிலும் அக்குளிலும். உருவ நுணுக்கமெல்லாம் கடைசிப் பூச்சில். அதைக் கரண்டியால் அல்ல, விரலாலும் ஈரத் துணியாலும்தான் செய்ய முடியும். பிறகு ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போர்த்தி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய விட்டால் மேல்தோல் மாவாக உதிரும்.

இதோடு பரிக்கலாவின் குளிரைச் சேருங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் சிமெண்டு இறுகுவது ஏறக்குறைய நின்றுவிடும். 5 மெகாபாஸ்கல் பலம் வருவதற்கு முன்பே கலவை உறைந்துபோனால் பிறகு எத்தனை மாதம் விட்டாலும் தேறாது. ஆகவே வெளியே நின்று பூசுவதற்கு மே முதல் செப்டம்பர் வரைதான் காலம். ஐம்பது ஆண்டில் 500 உருவம் என்றால் ஆண்டுக்குப் பத்து. ஐந்து மாதத்தில் பத்து, அதாவது மாதத்துக்கு இரண்டு, அதுவும் பெரும்பாலும் ஆலை வேலை போக மிஞ்சிய நேரத்தில். இந்தக் கணக்கு ஒரு காணொளியிலாவது வந்திருந்தால் நாங்கள் இந்த மடலை எழுதியிருக்க மாட்டோம்.

உருவங்களில் பாதிக்கு நெருக்கமானவை யோகாசன நிலைகள். தமிழ்க் காணொளிகளில் இதைக் "காட்டில் உறைந்துபோன மனிதர்கள்" என்று கடந்துவிடுகிறீர்கள். ஆசனம் என்றால் என்ன என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லையே! பார்த்த மாத்திரத்தில் சம்மணத்தையும் தலைகீழ் நிலையையும் அடையாளம் கண்டிருக்க வேண்டாமா? ரோன்கோனென் யோகா பழகியவர். அந்த 200-க்கும் மேற்பட்ட உருவங்களும் அவருடைய உடல்தான். தனக்குக் கைவந்த நிலைகளை ஒவ்வொன்றாகத் தன் உருவத்திலேயே வடித்தார். இளமையில் தன் உடல் இருந்த இருப்புக்கு ஒரு நினைவுச் சின்னம் என்றே அந்தத் தொகுதியைச் சொன்னார். அங்கே கூட்டம் கூட்டமாக நிற்பது வேறு வேறு மனிதர்கள் அல்ல, ஒரே ஆள். இது தெரிந்த பின் அந்தப் படத்தைப் பாருங்கள், பயம் இருக்கிறதா என்று.

மற்ற பகுதியில் குழந்தைகள், கிழவிகள், விலங்குகள், உலகின் பல இன மக்கள் எல்லாம் உண்டு. சில வண்ணம் தீட்டியவை. புத்தகத்திலும் தொலைக்காட்சியிலும் பார்த்த உலகத்தை வீட்டுக்கு வரவழைத்த முயற்சி அது. ஆனால் வேற்றின மக்களைக் காட்டும் சிலவற்றில் அந்தக் காலத்துப் படப் புத்தகப் பார்வை ஒட்டியிருக்கிறது. இன்று பார்க்க நெருடும். யோகத் தொகுதியில் அந்தக் குறை இல்லை. தன் உடலைத்தானே பார்த்துச் செய்தார், இரவல் பார்வைக்கு அங்கே வேலை இல்லை. எங்களைக் கேட்டால், ரோன்கோனெனை மதிப்பிட அந்தத் தொகுதியே போதும்.

சிமெண்டுக்கு யோகா ஒத்துவராத பொருள் என்பதையும் சொல்ல வேண்டும். சிமெண்டு அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. நேராக நிற்கும் சிலையில் எல்லாம் அமுக்கம், பிரச்சினை இல்லை. காலைத் தூக்கி, இடுப்பை வளைத்து, கையை நீட்டி நிறுத்தினால் ஒவ்வொரு மூட்டின் மேல்பக்கமும் இழுபடும். அங்கே பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பி மட்டும்தான். கம்பி சரியான பக்கத்தில் ஓடாமல் நடுவில் ஓடினால் மேல்புறம் மயிரிழை வெடிப்பு விழும். மயிரிழை வெடிப்பில் தண்ணீர் இறங்கும். மீதியைப் பனி பார்த்துக்கொள்ளும்.

சம்மணமிட்ட உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மடியும் இரண்டு முழங்காலும் சேர்ந்து ஒரு கிண்ணம். இலையுதிர் காலத்தில் அதில் மழைத் தண்ணீர் தேங்கும், மேலே பிர்ச் மரத்து இலை விழுந்து மூடும், காயாது. அக்டோபர் இரவில் உறையும், பகலில் உருகும், மறுபடி உறையும். உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் விரிகிறது. சிமெண்டின் நுண்துளைகள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிரம்பியிருந்தால் விரிய இடமில்லை, துளைச் சுவர் கிழியும். அதனால்தான் இந்த வகை உருவங்களில் முகம் நன்றாக இருக்கும்போதே மடியும் தொடையும் செதில் செதிலாக உரிகின்றன. ஜனவரியின் மைனஸ் 20 டிகிரி இவ்வளவு கெடுதல் செய்யாது. அப்போது உறைந்தது உறைந்தபடி இருக்கும். உறைந்து உருகி உறையும் அக்டோபரும் மார்ச்சும் ஏப்ரலும்தான் வில்லன்கள். தொழிற்சாலைக் கான்கிரீட்டில் நுண்ணிய காற்றுக் குமிழ்களை நாலைந்து சதவீதம் சேர்த்து விரிய இடம் விடுவார்கள். கையால் குழைத்த கலவைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

விரல்கள் வேறு கதை. விரலுக்குள் ஒரு கம்பி, அதன் மேல் மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் சிமெண்டு. காரம் இழப்பது உள்ளே இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பத்து ஆண்டில் 10 மில்லிமீட்டர் என்றால் நாற்பது ஆண்டில் 20. ஆகவே உடம்பில் கம்பி பத்திரமாக இருக்கும்போதே விரலுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். துரு இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். விரல் நீளவாக்கில் பிளந்து உள்ளிருந்து செம்பழுப்பு ஒழுகும். "கையிலிருந்து ரத்தம் வழியும் சிலை" என்று நீங்கள் அம்புக்குறி போட்டுக் காட்டியது அதைத்தான். மொட்டைமாடிக் கூரையில் கம்பி துருவேறிப் பூச்சு பெயர்ந்து விழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே வியாதி.

"ஏன் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், பிரஷர் வாஷரால் அடித்தால் போதுமே" என்று உங்கள் பார்வையாளர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்ல முடிந்தால் நல்லது. உயர் அழுத்தத் தண்ணீர் பாசியோடு சிமெண்டின் மேல்தோலையும் வாரிக்கொண்டு போகும். விரல் ஓட்டிய தடம் இருப்பது அந்த ஒரு மில்லிமீட்டரில்தான். அமிலம் ஊற்றினால் சுண்ணாம்பு கரைந்து மணல் துருத்தும். எண்ணெய்ப் பெயிண்டு அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பனியில் பெயிண்டோடு பெயர்ந்து வரும். செய்யத் தக்கது கோடையில் நல்ல ஈரமான நாளில் மென்மையான தூரிகை, வெறும் தண்ணீர், மடியிலும் வெடிப்பிலும் மட்டும். மற்ற இடத்துப் பாசியை விட்டுவிடுவதே மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். ஒட்டுப் போடுவதென்றால் துருப்பிடித்த கம்பியைப் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, பழைய கலவையைவிடக் கெட்டியாகாத கலவையால் அடைக்க வேண்டும். "ஸ்ட்ராங்காக இருக்கட்டும்" என்று அதிக சிமெண்டு போட்டால் ஒட்டு நிற்கும், சுற்றியுள்ள பழைய பகுதி உடையும்.

"இரவில் நகரும் சிலைகள்" பற்றியும் ஒரு வார்த்தை. அவை நகர்வது உண்மையாகவே நடக்கக்கூடியது. வண்டலும் களிமண்ணும் கலந்த ஈர நிலம் உறையும்போது மண்ணுக்குள் பனித் தகடுகள் வளர்ந்து தரையை மேலே தூக்கும். சிலையின் அடித்தளம் உறைபனி எட்டும் ஆழத்துக்குக் கீழே இல்லை என்றால், அதுவும் சேர்ந்து எழும். ஒரு பக்கம் மரநிழல், மறுபக்கம் வெயில் என்றால் வசந்தத்தில் ஒரு பக்கம் முன்னதாக உருகிச் சிலை சாயும். அடியில் மண்ணை எடுத்துவிட்டு ஜல்லி நிரப்பித் தண்ணீர் வடியவிட்டால் நகர்வது நின்றுவிடும். அங்கே கேட்கும் சத்தத்துக்கும் இதே மாதிரி விடைதான்: சில உருவங்களுக்குள் ஒலிபெருக்கி ஒளித்து வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்காக.

அடுத்தது உங்கள் வருமானம் சம்பந்தப்பட்டது, கவனமாகப் படியுங்கள். பின்லாந்தின் பதிப்புரிமைச் சட்டத்தில் கட்டடத்துக்கு ஒரு நியாயம், சிலைக்கு ஒரு நியாயம். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிலையைப் படம் எடுக்கலாம். ஆனால் படத்தின் முக்கியப் பொருளே சிலை என்றால் அந்தப் படத்தை ஆதாயத்துக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டும். கட்டுரையோடு தொடர்புடைய படமாகச் செய்தித்தாளிலும் பருவ இதழிலும் வெளியிட விலக்கு உண்டு. விளம்பர வருமானம் வரும் காணொளியின் முகப்புப் படம் அந்த விலக்குக்குள் வருமென்று நம்பி இருக்க வேண்டாம். உரிமைக் காலம் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டு. ரோன்கோனென் 2010-இல் மறைந்தார், ஆக 2080 முடியும்வரை. இது போக, இன்னொருவர் எடுத்த புகைப்படத்தை எடுத்துப் போட்டால் அந்தப் புகைப்படக்காரரின் உரிமை தனி.

நேரில் போய் எடுக்கும் எண்ணம் இருந்தால் ஹெல்சிங்கியிலிருந்து யோயென்சு போகும் ரயில் பரிக்கலாவில் நிற்கும். நிலையத்திலிருந்து பூங்கா சில கிலோமீட்டர். ஜூன் முதல் ஆகஸ்டு வரை போங்கள். பனிக்காலத்தில் சிலைகள் பாதிக்கு மேல் பனிக்குள் இருக்கும். படத்துக்காகச் சிலை மேல் இருக்கும் பனியையோ பனிக்கட்டியையோ தட்டிவிடாதீர்கள், விரலும் காதும் சேர்ந்து வரும். நீட்டிய கையில் பையைத் தொங்கவிடுவதும், தலைகீழாக நிற்கும் உருவத்தின் கால் மேல் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுப்பதும் கூடாது. அந்த இழுபடும் மூட்டைப் பற்றி மேலே சொன்னோம். பல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். பூங்காவை விட்டுக் கிழக்கே அலைய நேர்ந்தால் மஞ்சள் நிறத்தில் எல்லை மண்டல அடையாளம் தெரிகிற இடத்தில் திரும்பிவிடுங்கள். அதற்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம்.

ஏற்கெனவே போட்ட காணொளிகளை நீக்கச் சொல்லவில்லை. தலைப்பைத் திருத்தலாம், விளக்கப் பகுதியில் பெயரைச் சேர்க்கலாம், முதல் கருத்தாக 'பின்' (pin) செய்து வைக்கலாம். ஐந்து நிமிட வேலை. பெயர் ரோங்கோனன், ரொன்கானன் என்று ஊருக்கொரு விதமாகத் திரிவதால், அப்படியே எடுத்து ஒட்டும்படி ஒரு வரி தருகிறோம்:

வெய்யோ ரோன்கோனென் (1944–2010), காகித ஆலைத் தொழிலாளி, சிற்பி. பரிக்கலா சிலைப் பூங்கா, பின்லாந்து. சிமெண்டு, இரும்பு, சிலவற்றில் மனிதப் பல்.